எதிர்ப்புச் சக்தி குறைந்தவருக்கு ஃப்ளூ காய்ச்சல்: குடும்பத்தார் அறிந்திருக்க வேண்டியவை

"சளிக்காய்ச்சல்தானே, மூன்று நாளில் சரியாகிவிடும்" என்று நம் வீடுகளில் சொல்வது வழக்கம். பெரும்பாலானவர்களுக்கு அது உண்மையும்கூட. கஞ்சி குடித்து, பாரசிட்டமால் போட்டு, போர்த்திப் படுத்தால் அல்லாஹ்வின் உதவியால் ஒரு வாரத்தில் எழுந்து நடமாடிவிடுகிறோம். ஆனால் அதே வீட்டில் சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்ட அத்தா இருக்கலாம். புற்றுநோய்க்குக் கீமோ எடுக்கும் உம்மா இருக்கலாம். மூட்டுவாதத்துக்குப் பல ஆண்டுகளாக ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடும் மாமி இருக்கலாம். நமக்கு மூன்று நாள் தொல்லையாக வந்துபோகும் அதே ஃப்ளூ, அவர்களை நிமோனியாவிலும் தீவிர சிகிச்சைப் பிரிவிலும் கொண்டுபோய் விடக்கூடும்.

இந்தக் கட்டுரையில் நாம் வலியுறுத்த விரும்புவது ஒன்றுதான். எதிர்ப்புச் சக்தி குறைந்தவரின் உடலால் தனியாக நின்று போராட முடியாது. அந்தப் பலவீனத்தை ஈடுசெய்ய வேண்டியவர்கள் அவரைச் சுற்றியிருக்கும் குடும்பத்தாரும் உறவினரும்தான். கிருமியை வீட்டுக்குள் கொண்டுவராமல் இருப்பது, வந்துவிட்டால் முதல் நாளிலேயே மருத்துவரிடம் பேசுவது, கைக்குக் கிடைத்த மருந்தையெல்லாம் கொடுக்காமல் இருப்பது ஆகிய மூன்றும் நம் பொறுப்பு.

யார் யாருக்கு இந்த எச்சரிக்கை?

எதிர்ப்புச் சக்தி குறைந்தவர் என்றால் மெலிந்து, சோர்ந்து காணப்படுபவர் என்று பொருளல்ல. பார்ப்பதற்கு நல்ல உடல்வாகோடு, வேலைக்கும் போய்வந்துகொண்டிருப்பார். கீழ்க்காணும் நிலையில் உள்ளவர்களை இந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

• புற்றுநோய்க்குக் கீமோ சிகிச்சை பெறுபவர்கள், குறிப்பாக ரத்தப் புற்றுநோய் உள்ளவர்கள்
• சிறுநீரகம், கல்லீரல், இதயம் போன்ற உறுப்பு மாற்று செய்துகொண்டவர்கள், எலும்பு மஜ்ஜை மாற்று செய்துகொண்டவர்கள்
• நீண்ட நாட்களாக ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள். தினமும் 20 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் பிரெட்னிசோலோன் இரண்டு வாரங்களுக்கு மேல் எடுத்தாலே எதிர்ப்புச் சக்தி குறைந்தவராகக் கருதப்படுவார்
• நெஃப்ரோடிக் எனப்படும் சிறுநீரகக் கோளாறுக்கு ஸ்டீராய்டு எடுக்கும் குழந்தைகள்
• மூட்டுவாதம், லூபஸ், குடல் அழற்சி ஆகியவற்றுக்கு எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரையோ ஊசியோ பெறுபவர்கள்
• மண்ணீரல் அகற்றப்பட்டவர்கள். தலசீமியா நோயாளிகளில் சிலர் இதில் அடங்குவர்
• ஹெச்.ஐ.வி. தொற்று உள்ளவர்கள், குறிப்பாக சிடி4 அணுக்கள் 200க்குக் கீழ் இறங்கியவர்கள்
• பிறவியிலேயே எதிர்ப்புச் சக்திக் குறைபாடு உள்ள குழந்தைகள்

டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள், கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், 65 வயதைக் கடந்தவர்கள், 5 வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஆகியோருக்கும் ஃப்ளூ கடுமையாகும் வாய்ப்பு அதிகம். ஆகவே கீழே சொல்பவற்றில் பெரும்பாலானவை அவர்களுக்கும் பொருந்தும்.

அவர்களுடைய காய்ச்சல் ஏன் வேறுபடுகிறது?

ஃப்ளூ என்பது இன்ஃப்ளூயன்சா வைரஸால் வருவது. சாதாரண ஜலதோஷம் மூக்கொழுகலில் மெதுவாகத் தொடங்கும். ஃப்ளூவோ திடீரென்று காய்ச்சல், உடல்வலி, தலைவலி, வறட்டு இருமல், கடும் அசதி என ஒரே நாளில் ஆளைக் கீழே தள்ளிவிடும். கொரோனா, ஆர்.எஸ்.வி. போன்ற வேறு வைரஸ்களும் இதே மாதிரி தொடங்குவதுண்டு. அறிகுறியைப் பார்த்து மட்டும் எது என்று வீட்டிலிருந்தபடி பிரித்தறிய முடியாது.

நம் உடலில் கிருமி நுழைந்தால் காய்ச்சல் அடிப்பதும் சளி கட்டுவதும் வீக்கம் காண்பதும் உண்மையில் எதிர்ப்புச் சக்தி வேலை செய்வதன் அடையாளங்கள். அந்தச் சக்தியே குறைந்திருக்கும்போது அடையாளங்களும் மங்கிவிடும். நுரையீரலில் தொற்று முற்றிக்கொண்டிருக்கும் நேரத்திலும் தெர்மாமீட்டர் 99 டிகிரியைத் தாண்டாமல் இருக்கலாம். ஸ்டீராய்டு காய்ச்சலை மறைத்துவிடும். "காய்ச்சலே இல்லையே, பிறகு என்ன பயம்?" என்று குடும்பத்தார் நிம்மதியாக இருக்கும் அந்த இரண்டு நாட்களில்தான் காரியம் கைமீறிப் போகிறது. பசியின்மை, வழக்கத்துக்கு மாறான சோர்வு, குழப்பமான பேச்சு, சிறிது நடந்தாலே மூச்சு வாங்குதல் ஆகியவை மட்டுமே இவர்களிடம் தெரியும் முதல் அறிகுறிகளாக இருக்கலாம்.

இன்னொரு வேறுபாடும் உண்டு. ஃப்ளூ வந்த சாதாரண மனிதர், அறிகுறி தொடங்குவதற்கு ஒரு நாள் முன்பிருந்து ஏறத்தாழ ஒரு வாரம் வரை பிறருக்கு நோயைப் பரப்புவார். எதிர்ப்புச் சக்தி குறைந்தவரின் உடலிலோ வைரஸ் பல வாரங்கள்கூடத் தங்கியிருக்கும். அவருக்கு நோய் நீடிக்கும், மற்றவருக்குப் பரவும் காலமும் நீளும்.

முதல் 48 மணி நேரம்

ஃப்ளூ வைரஸுக்கு எதிரான மருந்து ஒன்று இருக்கிறது என்பதே நம்மில் பலருக்குத் தெரிவதில்லை. ஓசெல்டமிவிர் என்பது அதன் பெயர். வைரஸ் ஓர் அணுவிலிருந்து இன்னோர் அணுவுக்குப் பரவுவதை அது தடுக்கிறது. அறிகுறி தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால் பலன் அதிகம். பெரியவர்களுக்கு வழக்கமான அளவு 75 மில்லிகிராம், காலை மாலை இரு வேளை, 5 நாட்கள். ஆனால் சிறுநீரகம் பாதிக்கப்பட்டவருக்கு அளவைக் குறைக்க வேண்டும், எதிர்ப்புச் சக்தி மிகவும் குறைந்தவருக்கு நாட்களை நீட்டிக்க வேண்டிவரலாம். எனவே மருத்துவரின் சீட்டு இல்லாமல் வாங்கிக் கொடுக்கக் கூடாது.

2009ஆம் ஆண்டு பன்றிக்காய்ச்சல் எனப்பட்ட எச்1என்1 பரவியபோது, நம் நாட்டின் மத்திய சுகாதார அமைச்சகம் நோயாளிகளை ஏ, பி, சி என்று பிரித்துச் சிகிச்சை முறை வகுத்தது. லேசான அறிகுறி உள்ள ஏ பிரிவினருக்கு வைரஸ் மருந்து தேவையில்லை. ஆனால் புற்றுநோய், ஹெச்.ஐ.வி., சிறுநீரகக் கோளாறு, சர்க்கரை நோய், நீண்டகால ஸ்டீராய்டு சிகிச்சை ஆகியவை இருப்பவருக்கு அறிகுறி லேசாக இருந்தாலும் அவரை பி பிரிவில் வைத்து ஓசெல்டமிவிர் தர வேண்டும் என்கிறது அந்த வழிகாட்டுதல். மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, ரத்த அழுத்தம் குறைதல் போன்றவை இருந்தால் சி பிரிவு. அவர்களை உடனே மருத்துவமனையில் சேர்க்க வேண்டும்.

ஆகவே எதிர்ப்புச் சக்தி குறைந்தவருக்குத் தொண்டை கரகரப்போ இருமலோ தொடங்கிய அன்றே செய்ய வேண்டியவை இவை.

1. அவருக்குத் தொடர்ந்து சிகிச்சை அளிக்கும் சிறப்பு மருத்துவருக்குத் தகவல் சொல்லுங்கள். பக்கத்துத் தெரு கிளினிக்குக்குப் போனாலும், "இவர் இன்ன மாத்திரை சாப்பிடுகிறார்" என்ற விவரத்தை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.
2. பாரசிட்டமால் கொடுப்பதற்கு முன் உடல் வெப்பத்தை அளந்து, நேரத்தோடு எழுதிவையுங்கள். மாத்திரை கொடுத்தபின் அளந்தால் உண்மை நிலை தெரியாது.
3. ஃப்ளூ பரிசோதனை வேண்டுமா என்று கேளுங்கள். முடிவு வரும்வரை மருந்தைத் தள்ளிப்போட வேண்டியதில்லை என்பதே பொதுவான மருத்துவ வழக்கம்.
4. இரண்டு நாள் கடந்துவிட்டது, இனி என்ன பயன் என்று விட்டுவிடாதீர்கள். இவர்களுக்குத் தாமதமாக ஆரம்பித்தாலும் பலன் உண்டு.

வீட்டில் வேறொருவருக்கு ஃப்ளூ உறுதியானால், எதிர்ப்புச் சக்தி குறைந்தவருக்கு நோய் வரும் முன்னரே தடுப்பு மருந்தாக ஓசெல்டமிவிர் தருவதும் உண்டு. அதற்காக அவருக்கு அறிகுறி வரும்வரை காத்திராமல் அன்றைக்கே மருத்துவரிடம் கேட்டுவிட வேண்டும்.

உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய அறிகுறிகள்

• கீமோ எடுப்பவருக்கு உடல் வெப்பம் ஒருமுறை 101 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டாலும், அல்லது 100.4 டிகிரி ஒரு மணி நேரம் நீடித்தாலும் அது அவசரநிலை. வெள்ளையணுக்கள் குறைந்திருக்கும் நேரத்தில் வரும் காய்ச்சலுக்கு, மருத்துவமனை சேர்ந்த ஒரு மணி நேரத்துக்குள் ஊசிவழி ஆன்டிபயாடிக் தொடங்க வேண்டும் என்பது மருத்துவ விதி. விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது
• மண்ணீரல் இல்லாதவருக்கு எந்தக் காய்ச்சலும் அவசரநிலைதான். பாக்டீரியா ரத்தத்தில் கலந்தால் சில மணி நேரத்திலேயே நிலைமை மோசமாகிவிடும்
• மூச்சுத்திணறல், பேசும்போது வாக்கியத்தை முடிக்க முடியாமல் மூச்சு வாங்குதல்
• விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரில் அளவு 94க்குக் கீழ் இறங்குதல். நெயில் பாலிஷோ அடர்ந்த மருதாணியோ இருந்தால் அளவு தவறக்கூடும், வேறு விரலில் வைத்துப் பாருங்கள்
• நெஞ்சுவலி, சளியில் ரத்தம், உதடு நீலம் பாரித்தல்
• குழப்பம், எழுப்ப முடியாத தூக்கம், சிறுநீர் வெகுவாகக் குறைதல்
• குழந்தையாக இருந்தால் வேகமான மூச்சு, மூச்சிழுக்கும்போது விலா எலும்பு உள்வாங்குதல், பால் குடிக்க மறுத்தல்
• காய்ச்சல் குறைந்து தேறிவந்தவருக்கு மீண்டும் காய்ச்சலும் இருமலும் கூடுதல். வைரஸுக்குப் பின்னால் பாக்டீரியா நிமோனியா வந்திருப்பதன் அடையாளமாக இது இருக்கலாம்

108 ஆம்புலன்ஸை அழைக்கத் தயங்க வேண்டாம். தமிழ்நாட்டில் மருத்துவ ஆலோசனைக்கு 104 என்ற எண் உள்ளது.

அன்பினால் செய்யும் தவறுகள்

மருந்துக்கடையில் சொல்லி வாங்கும் மூன்று மாத்திரை: "காய்ச்சல், சளி, உடம்பு வலி" என்று சொன்னால் ஒரு பொட்டலம் மடித்துத் தருவார்கள். அதில் ஆன்டிபயாடிக், வலி மாத்திரை, சில இடங்களில் ஸ்டீராய்டும் இருக்கும். ஆன்டிபயாடிக் வைரஸைக் கொல்லாது. டைக்ளோஃபினாக், ஐப்ரூஃபென் போன்ற வலி மாத்திரைகள் டாக்ரோலிமஸ் அல்லது சைக்ளோஸ்போரின் எடுக்கும் சிறுநீரக மாற்று நோயாளியின் புதிய சிறுநீரகத்தையே பாதிக்கும். கிளாரித்ரோமைசின் போன்ற சில ஆன்டிபயாடிக்குகள் ரத்தத்தில் டாக்ரோலிமஸ் அளவை ஆபத்தான அளவுக்கு ஏற்றிவிடும். கொரோனாவுக்குத் தரப்படும் நிர்மட்ரெல்விர்–ரிட்டோனாவிர் மருந்தும் அப்படியே. குழந்தைகளுக்குக் காய்ச்சலுக்காக ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது.

வழக்கமான மாத்திரையை நிறுத்துவது: "எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கிற மாத்திரைதானே, காய்ச்சல் தீரும்வரை நிறுத்திவைப்போம்" என்று சிலர் தாங்களாகவே நிறுத்துகிறார்கள். இது மிகவும் ஆபத்து. மாற்று உறுப்பை உடல் நிராகரித்துவிடலாம். நீண்டநாள் ஸ்டீராய்டை திடீரென நிறுத்தினால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். உண்மையில் நோய்க்காலத்தில் ஸ்டீராய்டின் அளவைச் சிலருக்கு மருத்துவர் கூட்டவும் செய்வார். சில மருந்துகளைத் தற்காலிகமாக நிறுத்தச் சொல்வதும் உண்டு. எதைக் கூட்டுவது, எதை நிறுத்துவது என்பது சிறப்பு மருத்துவரின் முடிவு.

வீட்டு வைத்தியம்: கருஞ்சீரகமும் தேனும் நம் சமுதாயத்தில் மதிப்போடு பயன்படுத்தப்படுபவை. அவற்றின் சிறப்பு ஹதீஸ்களில் வந்துள்ளதை நாம் அறிவோம். அதே நேரத்தில் மருத்துவம் செய்துகொள்ளும்படி கட்டளையிட்டவர்களும் நபி (ஸல்) அவர்களே. கருஞ்சீரக எண்ணெய், நிலவேம்புக் குடிநீர், மூலிகைக் கஷாயம் எதுவானாலும் மாற்று உறுப்பு மருந்து அல்லது கீமோ எடுப்பவருக்குக் கொடுக்குமுன் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். வெள்ளையணுக்கள் மிகக் குறைந்திருக்கும் காலத்தில் பதப்படுத்தாத தேனையும் காய்ச்சாத பாலையும் தவிர்க்கச் சொல்வார்கள். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேன் கூடாது.

புகையும் ஆவியும்: வெள்ளிக்கிழமை மாலை சாம்பிராணி போடுவதும் பகூர் எரிப்பதும் நம் வீடுகளில் உள்ள பழக்கம். இருமல் உள்ளவர் இருக்கும் வீட்டில் அவர் குணமாகும்வரை புகையே வேண்டாம். கொதிக்கும் பாத்திரத்தின் முன் போர்வை போர்த்தி ஆவி பிடிக்கும்போது வெந்நீர் கவிழ்ந்து சுட்டுக்கொள்வது அடிக்கடி நடக்கிறது. குழந்தைகளுக்கும் தள்ளாத முதியோருக்கும் அதைச் செய்ய வேண்டாம்.

வீட்டில் ஒருவருக்கு நோய் வந்தால்

பெரும்பாலும் மதரஸாவுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போய்வரும் பிள்ளைகள்தான் கிருமியை முதலில் வீட்டுக்குக் கொண்டுவருவார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் பாட்டியின் மடியில் படுக்கவைப்பது நம் வழக்கம். அந்தப் பாட்டி கீமோ எடுப்பவராக இருந்தால் இருவரையும் அன்றே தனித்தனி அறையில் வையுங்கள். தனி அறை இல்லாத வீட்டில் ஜன்னலைத் திறந்து, இருவருக்கும் இடையே குறைந்தது ஆறு அடி இடைவெளி விட்டு, காற்று நோயாளியிடமிருந்து வெளியே போகும்படி மின்விசிறியை வையுங்கள். ஏசி போட்டு அறையை மூடிவைப்பது கிருமியை அறைக்குள்ளேயே சுற்றவிடும்.

நோயுற்றவர் சாதாரண அறுவைசிகிச்சை முகக்கவசமும், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர் என்95 வகையும் அணிவது நல்லது. ஒரே ஆள் இருவரையும் கவனிக்காமல் ஆளுக்கொருவராகப் பிரித்துக்கொள்ளுங்கள். அது முடியாவிட்டால் முதலில் எதிர்ப்புச் சக்தி குறைந்தவரின் வேலையை முடித்துவிட்டு, பிறகு நோயுற்றவரிடம் செல்லுங்கள். கைகளைச் சோப்புப் போட்டு 20 விநாடி கழுவுங்கள். கதவுப் பிடி, ரிமோட், செல்போன் ஆகியவற்றைத் தினமும் துடையுங்கள். கடினமான பரப்புகளில் ஃப்ளூ வைரஸ் ஓரிரு நாள்கூட உயிரோடிருக்கும்.

காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களில் விருந்துகளில் ஒரே சஹனில் பலர் அமர்ந்து உண்பது அன்பின் அடையாளம். எதிர்ப்புச் சக்தி குறைந்தவருக்கு அங்கே தனித்தட்டு வைப்பதை யாரும் குறையாக எண்ணக் கூடாது. அவரே கேட்கச் சங்கடப்படுவார். விருந்தழைத்தவர் முந்திக்கொண்டு வைத்துவிடுவது நல்ல பண்பு.

நலம் விசாரிக்கச் செல்வோருக்கு

நோயாளியை நலம் விசாரிப்பது ஒரு முஸ்லிமுக்கு மற்ற முஸ்லிம் செய்ய வேண்டிய கடமைகளில் ஒன்று. அதில் நமக்குக் குறை வைக்க மனம் வராது. ஆனால் இருமிக்கொண்டே போய் நோயாளியின் கட்டிலில் அமர்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் பேசிவிட்டு வந்தால், நாம் நன்மையைத் தேடிப்போய் அவருக்குத் தீங்கைக் கொடுத்துவிட்டு வருகிறோம்.

நோயுற்ற ஒட்டகங்களை ஆரோக்கியமான ஒட்டகங்களிடம் கொண்டுசெல்வதை நபி (ஸல்) அவர்கள் தடுத்த செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. ஸகீஃப் குலத்தாரின் தூதுக்குழுவில் தொழுநோயாளி ஒருவர் வந்திருந்தார். அவருடைய உறுதிமொழியை ஏற்றுக்கொண்டதாகச் சொல்லியனுப்பி, அவர் அங்கிருந்தபடியே திரும்பிச் செல்லலாம் என்று நபி (ஸல்) அவர்கள் தெரிவித்ததாக முஸ்லிம் நூலில் வருகிறது. அந்த மனிதரின் மரியாதைக்கு அங்கே எந்தக் குறைவும் ஏற்படவில்லை. நேரில் கை பிடிக்காமலேயே அவருடைய பைஅத் நிறைவேறியது. இன்று வாசலில் நின்று ஸலாம் சொல்வதும், வீடியோ அழைப்பில் பேசி துஆ செய்வதும், சமைத்த உணவைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போவதும் நலம் விசாரித்தலாகவே அமையும்.

சளியோ இருமலோ தொண்டை வலியோ இருந்தால் போகாதீர்கள். குணமாகி வந்திருந்தாலும் முகக்கவசம் அணிந்து, முஸாஃபஹாவும் கட்டித்தழுவலும் இல்லாமல், பத்து நிமிடத்தில் எழுந்துவிடுங்கள். சிறு குழந்தைகளை அழைத்துச் செல்ல வேண்டாம். பெருநாள் காலங்களில் இதை இன்னும் கவனமாகப் பேணுங்கள். வீட்டார் "இப்போது பார்க்க வேண்டாம்" என்று சொன்னால் மனவருத்தம் கொள்ளாமல் ஏற்றுக்கொள்வதும் நம் கடமை.

தடுப்பூசி

ஃப்ளூ வைரஸ் உருமாறிக்கொண்டே இருப்பதால் தடுப்பூசியை ஒவ்வோர் ஆண்டும் போட வேண்டும். உடலில் பாதுகாப்பு உருவாக ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும். நம் நாட்டில் மழைக்காலத்தை ஒட்டியும், ஜனவரி முதல் மார்ச் வரையும் ஃப்ளூ கூடுதலாகப் பரவுவதால், மழை தொடங்குமுன் போட்டுக்கொள்வது நல்லது.

ஊசி வழியாகப் போடப்படும் வழக்கமான ஃப்ளூ தடுப்பூசியில் உயிருள்ள வைரஸ் இல்லை. எனவே அது ஃப்ளூவை உண்டாக்காது. மூக்கில் தெளிக்கும் வகையில் வலுவிழந்த உயிருள்ள வைரஸ் இருக்கிறது. எதிர்ப்புச் சக்தி குறைந்தவருக்கு அது ஆகாது. பிரிட்டனில் குழந்தைகளுக்குத் தரப்படும் மூக்குத் தெளிப்பு மருந்தில் பன்றி ஜெலட்டின் இருப்பதால் அங்குள்ள முஸ்லிம் பெற்றோர் கேள்வி எழுப்பினர். அவர்கள் பிள்ளைகளுக்கு ஜெலட்டின் இல்லாத ஊசி மாற்றாகத் தரப்படுகிறது. உங்களுக்கு ஐயம் இருந்தால் தடுப்பூசிப் பெட்டியில் உள்ள சேர்மானப் பட்டியலை மருத்துவரிடம் கேட்டுப் பாருங்கள். கேட்காமலேயே "ஹராமாக இருக்கும்" என்று ஒதுக்கிவிடுவது சரியல்ல.

எதிர்ப்புச் சக்தி குறைந்தவருக்குத் தடுப்பூசி போட்டாலும் முழுப் பலன் கிடைக்காமல் போகலாம். ஏனெனில் தடுப்பூசி வேலை செய்வதற்கும் அதே எதிர்ப்புச் சக்திதான் தேவை. ஆகவே அவரோடு ஒரே வீட்டில் வாழும் அனைவரும், பிள்ளைகள் உட்பட, ஆண்டுதோறும் ஃப்ளூ தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். ஆறு மாதம் நிறைந்த குழந்தையிலிருந்து இதைப் போடலாம். 9 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு முதல்முறை போடும்போது நான்கு வார இடைவெளியில் இரண்டு தவணை தேவை. இதோடு நிமோனியாவைத் தடுக்கும் நியூமோகாக்கல் தடுப்பூசியையும் நோயாளிக்குப் போடலாமா என்று கேளுங்கள். கீமோ தவணைகளுக்கு இடையில் எப்போது போடுவது, உறுப்பு மாற்றுக்குப்பின் எத்தனை மாதம் கழித்துப் போடுவது என்பதை மருத்துவரே சொல்ல வேண்டும்.

ஜும்ஆ, ஜமாஅத், நோன்பு

நோய்வாய்ப்பட்டும் பள்ளிவாசலுக்குப் போகாவிட்டால் குற்றமாகிவிடுமோ என்று வருந்தும் பெரியவர்களை நாம் அதிகம் பார்க்கிறோம். நோயும், நோய் வந்து தீங்கு நேரும் என்ற நியாயமான அச்சமும் ஜும்ஆவையும் ஜமாஅத்தையும் விடுவதற்குத் தக்க காரணங்கள் என்று ஃபிக்ஹ் அறிஞர்கள் விளக்கியுள்ளனர். அவர் வீட்டில் ளுஹர் தொழுதுகொள்ளலாம். உடல்நலத்தோடு இருந்தபோது வழக்கமாகச் செய்துவந்த அமல்களின் நன்மை நோய்க்காலத்திலும் எழுதப்படுகிறது என்ற நபிமொழியின் கருத்தை அவருக்கு நினைவூட்டுங்கள். நோயாளியை விட்டு அகல முடியாத பராமரிப்பாளருக்கும் சலுகை உண்டு.

சளி, இருமல் உள்ள மற்றவர்களும் ஸஃப்பில் வந்து நிற்காமல் வீட்டிலேயே தொழ வேண்டும். பூண்டு, வெங்காயம் உண்டவர் அதன் வாடையோடு பள்ளிக்கு வந்து பிறருக்குத் தொல்லை தரக் கூடாது என்பது நமக்குத் தெரிந்த சட்டம். வாடையைவிடத் தொற்று பெரிய தொல்லை. பழைய பள்ளிவாசல்களில் பலரும் ஹவ்லில் ஒளு செய்வதால், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர் பள்ளிக்குப் போக நேர்ந்தாலும் வீட்டிலேயே குழாய்த் தண்ணீரில் ஒளு செய்துவிட்டுப் போவது பாதுகாப்பானது. கூட்டம் குறைந்த வக்தைத் தேர்ந்தெடுத்து, ஜன்னலோரம் நிற்கட்டும்.

ரமளானில், நோயாளி நோன்பை விட்டுவிட்டுப் பின்னர் களா செய்யலாம் என்பது குர்ஆன் தந்த சலுகை. இனி நோற்கவே முடியாது என்ற நிலையில் உள்ளவர் ஃபித்யா கொடுக்கிறார். உறுப்பு மாற்று மருந்துகளில் பலவற்றை 12 மணி நேர இடைவெளியில் சாப்பிட வேண்டும். நம் ஊரில் நோன்பு 13 மணி நேரத்துக்கும் மேல் நீள்கிறது. "ஸஹரிலும் இஃப்தாரிலும் சாப்பிட்டுக்கொள்கிறேன்" என்று நோயாளியே முடிவு செய்யாமல், ரமளானுக்கு ஒரு மாதம் முன்பே மருத்துவரிடமும் ஆலிமிடமும் பேசிவிட வேண்டும். ஃப்ளூ வந்த நாட்களில் தண்ணீர் குறைந்தாலே சிறுநீரகம் பாதிக்கும். அந்நாட்களில் நோன்பை விடுவதே சரி.

ஹஜ், உம்ரா செல்வோர்

இருபது இலட்சம் பேர் சில சதுர கிலோமீட்டர் பரப்பில் கூடும்போது மூச்சுவழித் தொற்று எளிதில் பரவும். ஹஜ் சென்று வந்தவர் பலரும் இருமலோடு திரும்புவது நாம் அறிந்ததே. மூளைக்காய்ச்சல் தடுப்பூசியை சவூதி அரசு கட்டாயமாக்கியுள்ளது. ஃப்ளூ தடுப்பூசியையும் அது பரிந்துரைக்கிறது. பயணத்துக்கு இரண்டு வாரம் முன்பே போட்டுக்கொள்ளுங்கள். மெர்ஸ் என்னும் கடுமையான நுரையீரல் நோய் 2012இல் சவூதியில் கண்டறியப்பட்டது. ஒட்டகங்கள் மூலம் அது மனிதருக்கு வருகிறது. எனவே எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் ஒட்டகப் பண்ணைக்குச் செல்வதையும் காய்ச்சாத ஒட்டகப் பால் குடிப்பதையும் தவிர்க்க வேண்டும்.

தீவிர சிகிச்சையில் இருப்பவர் பயணத்தைத் தள்ளிப்போடலாமா, நிரந்தரமாக இயலாதவர் பதலி ஹஜ் செய்விக்கலாமா என்பதை ஆலிம்களிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள். சக்தி பெற்றவர் மீதுதான் ஹஜ் கடமை. திரும்பி வரும் ஹாஜி, வீட்டில் இப்படிப்பட்ட நோயாளி இருந்தால், முதல் ஒரு வாரம் முகக்கவசத்தோடும் இடைவெளியோடும் இருப்பது நல்லது.

இருமல் நீடித்தால்

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் "ஃப்ளூவின் மிச்சம்" என்று விட்டுவிடக் கூடாது. நம் நாட்டில் காசநோய் இன்னும் பரவலாக உள்ளது. எதிர்ப்புச் சக்தி குறைந்தவரிடம் அது வேகமாக முற்றும். அரசு மருத்துவமனைகளில் சளிப் பரிசோதனையும் சிகிச்சையும் இலவசம். வறட்டு இருமலோடு நாளுக்கு நாள் மூச்சு வாங்குவது கூடினால் நியூமோசிஸ்டிஸ் என்னும் பூஞ்சை நிமோனியாவாகவும் இருக்கலாம். அதைத் தடுப்பதற்காகவே பலருக்குக் கோட்ரைமாக்சசோல் மாத்திரை தொடர்ந்து தரப்படுகிறது. "எதற்கென்றே தெரியவில்லை" என்று அதை நிறுத்திவிடாதீர்கள்.

இன்றே செய்துவைக்க வேண்டியது

நோய் வந்த இரவில் மருத்துவச் சீட்டைத் தேடி அலமாரியைக் கலைத்துக்கொண்டிருக்கக் கூடாது. ஒரு தாளை எடுத்து, நோயாளியின் நோய், சாப்பிடும் மாத்திரைகளின் பெயரும் அளவும், ஒவ்வாத மருந்து, கடைசியாகக் கீமோ எடுத்த தேதி, போட்ட தடுப்பூசிகள், சிறப்பு மருத்துவரின் எண், இரவில் செல்ல வேண்டிய மருத்துவமனை ஆகியவற்றை எழுதுங்கள். ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி, அதைப் படமெடுத்து வீட்டார் எல்லோருடைய செல்போனிலும் வையுங்கள். வெளிநாட்டில் வேலை செய்யும் மகனுக்கும் அனுப்பிவையுங்கள். பல வீடுகளில் மருத்துவரோடு தொலைபேசியில் பேசுபவர் அவராகத்தான் இருக்கிறார். தெர்மாமீட்டர், ஆக்சிமீட்டர், முகக்கவசம், ஒரு வாரத்துக்கான வழக்கமான மாத்திரைகள் ஆகியவை வீட்டில் எப்போதும் இருக்கட்டும். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது, "காய்ச்சலோ இருமலோ வந்தால் முதலில் நாங்கள் என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்டு, அவர் சொல்வதையும் அதே தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

நோயைத் தருபவனும் நிவாரணம் அளிப்பவனும் அல்லாஹ்வே. அந்த நிவாரணத்துக்கான வழிகளைத் தேடுவதும், பலவீனமானவரைப் பாதுகாப்பதும் அவன் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். நம் இல்லங்களில் நோயுற்றிருக்கும் ஒவ்வொருவருக்கும் வல்ல அல்லாஹ் பூரண ஷிஃபாவையும், அவர்களைக் கவனிப்போருக்குப் பொறுமையையும் நிறைவான நற்கூலியையும் தந்தருள்வானாக! ஆமீன்.